தம்பி சொன்ன பச்சை

மழை தொடங்கினால் போதும், குணேஸ்வரி அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாள். தாச்சியில் எண்ணெய் ஊற்றி, கழுவி உலர்த்தி வைத்த நெத்திலியை அள்ளிப் போடுவாள். பின்பக்கக் குசினிக்குத் தகரக் கூரை. மழைச் சத்தமும் எண்ணெய்ச் சத்தமும் சேர்ந்து காதை அடைக்கும். அந்த நேரம் பார்த்துச் சட்டென்று திரும்பி வாசல் நிலையைப் பார்ப்பாள். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பழையபடி அகப்பையை எடுத்துக் கிளறுவாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மழைக்கு என்ன பஞ்சமா? பின்னேரமானால் கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆக, எண்பத்து நாலாம் வருஷத்தின் அந்தக் கடைசி மாதங்களில் அந்த வீட்டில் வாரம் முழுக்க நெத்திலிதான்.

"இண்டைக்கும் நெத்திலியே?" என்று அவள் புருஷன் பாலசுந்தரம் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக் கேட்பார்.

"விருப்பமெண்டாச் சாப்பிடுங்கோ. இல்லாட்டி விடுங்கோ."

அவர் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவார். வாயை மூடிக்கொள்ளும் ஆளா அவர்? முன்பெல்லாம் குழம்பில் உப்புக் கூடினால் தெருவுக்கே கேட்கும். எல்லாம் மகன் போன பிறகு வந்த அடக்கம்.

பாலசுந்தரம் ரயில்வே கணக்குப் பிரிவில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனாரும் ரயில்வேதான். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த நாள்முதல் பேனாவைத் தவிர வேறொன்றையும் பிடிக்காத கை என்று அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்டுவிடாதீர்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் பாதிப் பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். டாக்டர், லோயர், அதுவும் வாய்க்காவிட்டால் அக்கவுன்டன்ட். நாலாவதாக ஒரு தொழில் உலகத்தில் இருப்பதை அவர்கள் அறியமாட்டார்கள். மூத்தவள் இராசேஸ்வரி ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டு மெல்பேர்ன் போய்விட்டாள். அவளுக்குப் பத்து வயது இளையவன், வீட்டில் ‘தம்பி’ என்று கூப்பிடும் தயாபரன், அக்கவுன்டன்சி படிப்பைப் பாதியில் போட்டுவிட்டுக் கிள்ளானுக்குப் போனான். காப்பார் ரோட்டில் பக்கிரிசாமி என்பவன் நடத்திய கார்ப் பட்டறையில் சேர்ந்து, தகரம் ஒட்டவும் நசுங்கலில் பட்டி பூசித் தேய்க்கவும் ஸ்ப்ரே பிடிக்கவும் கற்றுக்கொண்டான்.

அன்றோடு தகப்பன் அவனோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே மேசையில் எதிரெதிரே இருந்துதான் சாப்பிட்டார்கள். "குணேஸ், அந்த உப்பை இஞ்சால தள்ளச் சொல்லும்" என்பார் அவர். தயாபரன் ஒன்றும் சொல்லாமல் உப்பைத் தள்ளுவான். ஒரு வீட்டில் இப்படி இரண்டு வருஷம் நடந்தது. கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

அவர் இளவயதில் வாங்கிய மொரிஸ் மைனர் கார் ஒன்று வீட்டின் பின்பக்கம் கிடந்தது. வாங்கும்போது பச்சை. குணேஸ்வரியைப் பெண் பார்க்க வந்ததும், தயாபரனை ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்ததும் அந்தப் பச்சைக் காரில்தான். பிறகு மகளின் கலியாணத்துக்கு வெள்ளை அடித்தார். பிறகு டட்சன் கார் வாங்கினார். மொரிஸ் கன்வாஸ் துணிக்குள் போய் மக்கத் தொடங்கியது. அதைத்தான் தயாபரன் ஒருநாள் லோரி கொண்டுவந்து இழுத்துக்கொண்டு போனான், திருத்தி ஓடவைக்கப் போகிறேன் என்று.

"கொண்டு போகட்டும்," என்றார் பாலசுந்தரம், அவன் காதில் விழும்படியாகவே. "அந்தத் தகரத்தோட அவனும் போகட்டும். ரெண்டும் உருப்படாததுகள்."

போய்விட்டான். ஒரு மழைக் காலையில் மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குப் போகும்போது, ஃபெடரல் ஹைவேயில் பத்துத் தீகா ஊர்ப் பக்கம், லோரிக்கு அடியில். இருபத்து நாலு வயது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி வந்தான். கேரி தீவுத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவன். கிள்ளானுக்கு வந்து பட்டறை போட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் தோட்டத்துக் கூச்சம் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாங்கோ தம்பி," என்றாள் குணேஸ்வரி.

"இல்ல ஆன்டி, கால் சிலுவாரெல்லாம் பட்டித் தூசி. இங்கயே இருக்கேன்."

முன்பு இவன் தொலைபேசியில் கூப்பிட்டாலே ரிசீவரை வைத்துவிடுகிற பாலசுந்தரம், இப்போது தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கிரிசாமி அதன் நுனியில் உட்கார்ந்தான்.

"அங்கிள், இந்த நேரத்துல வந்து கேக்குறது தப்புதான். காரு பிரைமரோட, வெறும் அடிப்பூச்சோட நிக்குது. தயா தன் கையால அடிச்ச பிரைமர். மேல கலர் ஏத்தாம ரொம்ப நாள் போட முடியாது. எங்க பக்கம் கடல் காத்து லா, உப்பு. பிரைமர் தண்ணியக் குடிக்கும், உள்ளுக்குள்ளயே துரு புடிச்சிரும். அப்புறம் புள்ள ஒட்டுன தகரமெல்லாம் வீணாப் போயிரும்."

"என்ன கலர் அடிக்கச் சொன்னவன்?"

"அதான் அங்கிள். எங்கிட்டச் சொல்லல. எத்தனையோ தடவ கேட்டுட்டேன். ‘இரு பாஸ், முடிவு பண்ணிட்டுச் சொல்றேன்’னான். ஆக்சிடன்டுக்கு மொத நாளு சாயந்தரம், எல்லாரும் போனப்புறம் தனியா எதையோ கலக்கி அடிச்சுப் பாத்திருக்கான். கலக்குன கப்பு, ஸ்ப்ரே கன்னு எல்லாத்தயும் கழுவிக் கவுத்துட்டான், அவன் அப்படித்தான், சுத்தம். வீட்டுக்கு வந்து எனக்குப் போன் பண்ணான். ‘பாஸ், கலர் முடிவாயிருச்சு. அம்மாகிட்டக் கேட்டுட்டேன், அம்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு வர்றேன்’னான்."

பக்கிரிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாலசுந்தரம் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"உம்மட்டச் சொன்னவனே?"

குணேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஓம்," என்றாள்.

"என்ன கலர்?"

அவள் எழுந்து குசினிக்குப் போய்விட்டாள்.

பக்கிரிசாமி போன பிறகு அவர் அவள் பின்னாலேயே வந்தார். "குணேஸ், சொல்லுமன். அவன்ர விருப்பத்துக்கு அடிச்சு விடுவம்."

"அவன்ர விருப்பமோ?" அவள் கரண்டியை ஓங்கி வைத்தாள். "இப்பத்தான் அவனுக்கு விருப்பம் எண்டு ஒண்டு இருக்கிறது தெரிஞ்சதோ? ரெண்டு வருஷம் உங்களுக்கு முன்னால இருந்து சாப்பிட்டவன். ஒரு சொல்லுக் கதைச்சனீங்களே? ஒருக்கா, ஒரேயொருக்கா, ‘தம்பி, கார் வேலை எப்பிடிப் போகுது’ எண்டு கேட்டனீங்களே? கேட்டிருந்தா அவன் தன்ர வாயாலயே சொல்லியிருப்பான். நான் சொல்ல மாட்டன். எனக்கெண்டு அவன் தந்தது அது ஒண்டுதான். அதை எனக்கே விடுங்கோ."

அவர் நின்றார். பிறகு போய்விட்டார்.

குணேஸ்வரி சொன்னதில் கோபம் அத்தனையும் உண்மை. ஆனால் மகன் தந்ததாகச் சொன்னாளே, அது பொய். அவளுக்கு அந்த நிறம் தெரியாது.

அன்றைக்கும் மழை. நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம், பிறகு ஈரச் செருப்புச் சத்தம், பிறகு பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாடை. வாசல் நிலையில் தகரம் ஒன்று டணாரென்று இடித்தது. "அம்மா, இஞ்ச பாருங்கோ. இந்தக் கலர் எப்பிடி?" என்றான் தயாபரன். எண்ணெய் தெறித்துக்கொண்டிருந்தது. ஒரு பிடி கருகப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. "ஓம், ஓம், வடிவாத்தான் இருக்கு. முதல்ல தலையைத் துடை," என்றாள். "உண்மையாவே வடிவா இருக்கோ?" என்று அவன் சிரித்தான். "ஓம் எண்டுறன்," என்றாள் தாச்சியைப் பார்த்தபடியே. அவன் சந்தோஷமாக விசிலடித்துக்கொண்டு போனான்.

அவ்வளவுதான். கழுத்தை ஒரு முறை திருப்பியிருந்தால் போதும். நாலு நெத்திலி கருகியிருக்கும், வேறென்ன குடி முழுகியிருக்கும்? அடுத்த நாள் காலை அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவன் புறப்பட்டுப் போய்விட்டான்.

அவன் கையில் வைத்திருந்தது என்னவென்று வீடு முழுக்கத் தேடினாள். அவனுடைய கட்டிலுக்கடியில், ஸ்டோர் அறையில், சட்டைகளுக்குள். கிடைக்கவில்லை. அடுப்படியில் தொங்கிய நீலக்கோட்டுக் கைத்துணி ஒன்றும் அன்றிலிருந்து காணாமற்போயிருந்தது, அதையும் தேடினாள். பிறகுதான் இந்த நெத்திலி விசர் பிடித்தது. அதே மழை, அதே எண்ணெய், அதே வாடை. சரியான நேரத்தில் திரும்பிப் பார்த்தால் அவன் கையில் இருப்பது தெரிந்துவிடும் என்று அவளுடைய மூளையில் எங்கோ ஒரு மூலை நம்பியது. பைத்தியம் என்று சொல்லிவிடலாம். பெற்றவளிடம் போய் யார் சொல்வது?

பாலசுந்தரம் அவளை விட்டாலும் நிறத்தை விடவில்லை. தினமும் காலையில் டட்சனை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். பக்கிரிசாமியிடம் தகரத் துண்டுகள் வாங்கி, விதவிதமாகப் பெயிண்ட் பூசிக் கொண்டுவந்து, முன்வாசல் போர்ச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கிரீம், சாம்பல், மெரூன், வானநீலம், கடல்நீலம். ரயில்வேக்காரக் கை, பிரஷ் பிடிக்கத் தெரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறை. குணேஸ்வரி உடுப்புக் காயப்போட வெளியே வரும்போது, அவள் கண் எந்தத் தகரத்தில் ஒரு கணம் கூட நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"இதுவோ?"

அவள் உடுப்பை உதறுவாள்.

"இந்த நீலமோ? கொஞ்சம் வெளிறலா அடிச்சால்?"

"வெயிலுக்குள்ள நிக்காதேங்கோ. உள்ள போங்கோ."

தயாபரனின் சிநேகிதர்களையெல்லாம் தேடிப் போனார். ஒருத்தன் சிவப்பு என்றான். இன்னொருத்தன், இல்லை அங்கிள், கூரை வெள்ளை, உடம்பு கறுப்பு என்றான். ரவாங்கில் ஒருத்தன், தயா கலரைப் பற்றிப் பேசவே மாட்டான், பாட்டுத்தான் பாடுவான் என்றான்.

"அவன் பாடுவானாமே," என்று வந்து சொன்னார். "உமக்குத் தெரியுமே?"

"தெரியும்."

"எனக்குத் தெரியாது," என்றார். கதிரையில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் மெலிந்துபோனார். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல் சொன்னார்:

"குணேஸ், எனக்கொரு நினைப்பு. அவன் சின்னனில என்ர மடியில இருந்து ஸ்டியரிங் பிடிப்பான், ஞாபகமே? மோரிப் பக்கம் கடல் பார்க்கப் போகேக்க. அப்ப கார் பச்சை. வெள்ளை அடிச்ச நேரம் அழுதவன், ‘எங்கட பச்சைக் கார் எங்க’ எண்டு. ஒருவேளை... பச்சை எண்டு சொல்லியிருப்பானோ?"

அவள் தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அப்பிடிச் சொல்லியிருந்தா, என்னில அவனுக்குக் கோபம் இல்லை எண்டுதானே அர்த்தம்? என்ர காரை என்ர காராத்தானே திருப்பித் தர நினைச்சிருக்கிறான்? என்ன?"

குணேஸ்வரி எழுந்து அவருக்கு ரசம் ஊற்றினாள். கோப்பை நிறைந்து மேசையில் சிந்தியது. இந்த மனுஷனை வெறுப்பது அதுவரை எவ்வளவு சுலபமாக இருந்தது! இனி அதுவும் கஷ்டமாகிவிடும் போலிருந்தது.

தீபாவளி யாருக்கோ வந்து யாருக்கோ போனது. பக்கிரிசாமி தொலைபேசியில் கூப்பிட்டான். இடப்பக்கக் கதவின் அடியில் துருப் பொட்டு வைத்துவிட்டது, இனித் தாங்காது என்றான். பாலசுந்தரம் மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"எனக்குச் சொல்லவேண்டாம். நான் கேக்கேல்லை. கிள்ளானுக்கு வாரும். பக்கிரிசாமிட்டச் சொல்லும். நான் வெளியில நிக்கிறன்."

அவள் சேலை மாற்றிக்கொண்டு போனாள்.

பட்டறை என்றால் நாலு தூண், மேலே தகரம், பின்னால் செம்பனை. கடல் பக்கமிருந்து புழுக்கமான காற்று வந்தது. பக்கிரிசாமியின் மனைவி இராஜம்மா வாழையிலையில் பொதிந்த நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு கொண்டுவந்து கொடுத்து, "சாப்புடுங்க ஆன்டி, சம்பல் காரமா இருக்கும்," என்றாள். குணேஸ்வரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிரித்தால் உள்ளே நெத்திலி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கார் நடுவில் சாம்பல் நிறத்தில் நின்றது. நசுங்கல் ஒன்றுகூட இல்லை. பிள்ளை தேய்த்திருக்கிறான், குழந்தையின் கன்னம் மாதிரி. அவள் தடவிப் பார்த்தாள்.

"அவனே ஒட்டினது ஆன்டி, அடித்தகரம் பூரா," என்றான் பக்கிரிசாமி. "ஒரு சாமான் தொலைக்கல. முன்சீட்டுக்கு எதுத்தாப்ல இருக்குற இந்த கிளவ் பாக்ஸ் மூடி மட்டும்தான் காணோம். எங்க வச்சானோ தெரியல, நான் புதுசு வெட்டிப் போட்டுட்டேன். அவன் அடிச்சுப் பாத்த இடம் எங்கயாச்சும் இருக்குமான்னு பானெட்டு, பின்னால சாமான் வைக்கிற பூட்டு, சீட்டுக்கு அடியில எல்லாம் தேடிட்டேன். இல்ல."

பாலசுந்தரம் அன்று காலை பூசிய தகரத்தை எடுத்துக் காட்டினார். நீலத்தின்மேல் கிரீம் பூசப்போய் இரண்டும் குழம்பிக் கிடந்தது.

"அங்கிள், எத்தன தடவ சொல்றது? இது லேக்கர். எத்தன மாசம் காஞ்சிருந்தாலும் மேல தின்னர் கலந்து பிரஷ்ஷால அப்புனா, அடியில உள்ளதையும் கரைச்சு இழுத்துரும். அப்புறம் ரெண்டும் சேறுதான். பிரிக்க முடியாது லா."

"ஓம், ஓம்," என்றார் அவர். தகரத்தை வைத்துவிட்டு வெளியே போனார். ரோட்டோரம், உச்சி வெயிலில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குடையை விரிக்கவில்லை. எவனோ ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான், அதற்கும் அசையவில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் பேச்சே மேலாக இருக்க வேண்டும் என்று நின்ற மனுஷன், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளையாக வெயிலில் நின்றார்.

பக்கிரிசாமி கலர் அட்டையை அவள் முன்னால் விரித்தான். சின்னச் சின்னக் கட்டங்களாக எத்தனையோ நிறம்.

"சொல்லுங்க ஆன்டி. தயா எது சொன்னான்?"

எனக்குத் தெரியாது தம்பி, நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தெரியாது என்று சொன்னால் அவரிடம் போகும். இத்தனை நாள் அவரைக் கொன்றதெல்லாம் எதற்காக என்று அவர் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் அவளே கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் வெளியே பார்த்தாள். சட்டை முதுகில் ஒட்டி, தோள்பட்டை எலும்பு தெரிந்தது. அதில் ஒரு பச்சைக் கறை.

"பச்சை," என்றாள். "கார் வாங்கேக்க இருந்த பச்சை."

பக்கிரிசாமி அவளை நிமிர்ந்து பார்த்தான். "பழைய பச்சையா? தயாவா சொன்னான்?"

"ஓம்."

அவன் வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாலசுந்தரம் ரோட்டோரத்திலேயே குந்திவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். செத்த வீட்டில் அழாத மனுஷன். இராஜம்மா தண்ணீர்ப் போத்தலோடு ஓடினாள்.

கார் தை மாதம் வீட்டுக்கு வந்தது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கந்தசாமி கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டார்கள். பாலசுந்தரம் பிழைத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். சாப்பிட்டார், தூங்கினார், காலையில் காரைத் துடைத்தார். வருகிறவன் போகிறவனையெல்லாம் பிடித்து நிறுத்திக் காட்டினார். "நான் வாங்கேக்க இருந்த அதே பச்சை. தம்பி சொன்ன கலர். தாயிட்ட மட்டும் சொல்லிப்போட்டுப் போனவன்."

ஒவ்வொரு தடவையும் குணேஸ்வரி உள்ளே போய்விடுவாள். அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் பக்கிரிசாமி வெட்டிப் போட்ட புது மூடியில் முழங்கால் படாமல் ஒடுங்கி உட்கார்வாள். ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. ஒரு ஆளாவது நிம்மதியாக இருக்கட்டும். பொய்தான். பொய்யில் யாருக்கு என்ன நட்டம்?

மாசி மாதம் போலீஸ்காரர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துப்போகச் சொன்னார்கள். வழக்கு முடிந்துவிட்டதாம். பாலசுந்தரம் ஒரு லோரி பிடித்துக் கொண்டுவந்து பின்பக்கம் இறக்கினார். குணேஸ்வரி குசினி ஜன்னலால் பார்த்தாள். முறுக்கிப்போட்ட இரும்பு. பின்னால் இருந்த சாமான் பெட்டி மட்டும் அப்படியே இருந்தது, பூட்டோடு. அவர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். உள்ளேயிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தார்.

நீலக்கோட்டுக் கைத்துணி.

அவர் துணியை விலக்கினார். அவருடைய முதுகு ஜன்னலை மறைத்தது. நிமிடக்கணக்காக அப்படியே நின்றார். குணேஸ்வரி கூப்பிட நினைத்தாள். ஓடிப்போய்ப் பறிக்க நினைத்தாள். பறித்தால் என்னவென்று சொல்வாள்? நிறம் தெரிந்தவள் ஏன் பார்க்கத் துடிக்க வேண்டும்? அவர் திரும்பாமலே, கையிலிருந்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டோர் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தின்னர் வாடை வந்தது.

அவர் குளிக்கப் போனதும் அவள் ஸ்டோருக்குள் ஓடினாள். பழைய பேப்பர்மேல் சாய்த்து வைத்திருந்தது, ஒரு கை அகலத் தகரம். கீல் போட்ட துளைகள் தெரிந்தன. காணாமற்போன கிளவ் பாக்ஸ் மூடி. பச்சைப் பச்சையாகப் பெயிண்ட் பூசி, விளிம்பால் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் டின். நீலக்கோட்டுக் கைத்துணியால் பிரஷ்ஷைத் துடைத்திருந்தார். அதுவும் பச்சை.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. மகன் அடித்தது பச்சையாக இருந்திருந்தால் இந்த மனுஷன் இப்படிக் கதவைச் சாத்துவாரா? "குணேஸ், இஞ்ச பாரும், இஞ்ச பாரும்" என்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு ஓடி வந்திருப்பார். அது பச்சை இல்லை. பச்சை இல்லை என்று கண்டதும், அவள் சொன்ன பொய்யை அவளுக்காகக் காப்பாற்ற, மகன் கடைசியாக அடித்த நிறத்தை அவர் தன் கையாலேயே மூடியிருக்கிறார்.

நகத்தால் சுரண்டினாள். பச்சை வந்தது. இன்னும் அழுத்திச் சுரண்டினாள். இளகிச் சேறாக வந்தது, பச்சையுமில்லாத கறுப்புமில்லாத ஒன்று. நகக்கண்ணில் ஏறியதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். எந்த நிறமும் தெரியவில்லை. அதற்கு அடியில் வெறும் தகரம் பளபளத்தது.

"ஐயோ, என்ர பிள்ளை," என்றாள், சத்தம் வராமல்.

பின்னால் அவர் நின்றார். தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய விரலைப் பார்த்தார், சுரண்டிய இடத்தைப் பார்த்தார். அவள் கேட்கத்தான் நினைத்தாள். என்ன நிறம் இருந்தது? ஒரே ஒரு கேள்வி. உலகத்திலேயே அந்த நிறத்தைப் பார்த்த உயிர் இனி இவர் ஒருவர்தான்.

அவர் முந்திக்கொண்டார்.

"மூடி கிடைச்சிட்டுதப்பா. பைக் பெட்டிக்குள்ள வைச்சிருந்திருக்கிறான்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அதே பச்சைதான் அடிச்சிருந்தவன். நீர் சொன்னது சரி. கொஞ்சம் துருப் பிடிச்சு மங்கிப் போச்சு, அதுதான் மேல ஒருக்காப் பூசி விட்டனான்."

அவருடைய கண்ணை அவள் பார்த்தாள். அவரும் பார்த்தார். இருவருக்கும் தெரிந்தது.

"ஓம்," என்றாள் குணேஸ்வரி.

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். கோவில் கமிட்டி சண்முகரத்தினம். "பாலா! என்ன, இதுதான் காரோ? எல்லாரும் சொல்லீச்சினம், இண்டைக்குத்தான் பார்க்கிறன். நல்ல கலரப்பா!"

பாலசுந்தரம் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனார். அவள் குசினிக்கு வந்து தேத்தண்ணிக்கு உலை வைத்தாள். மழை தொடங்கிவிட்டது. தகரக் கூரையில் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. நெத்திலி கழுவித் தட்டில் தயாராக இருந்தது. அவள் அதை எடுத்துப் பூனைக்குக் கொட்டினாள்.

போர்ச்சிலிருந்து அவருடைய குரல், மழையையும் மீறி, வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"தம்பி சொன்ன கலர். இவவிட்டத்தான் சொன்னவன். வேணுமெண்டா இவவைக் கேட்டுப் பாரும்!"